எடுத்துக்கொள்ளும் என்று ஜெபித்தோம்

எங்கள் வீட்டுச் சமையலறையில், கழுவிக் கவிழ்த்த டம்ளர்களுக்கு நடுவே ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்சும் கவிழ்ந்திருக்கும். ஐம்பது மில்லி கொள்ளும். கேழ்வரகுக் கஞ்சியைக் காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் அதில் ஊற்றி, மாமாவின் மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகிற குழாயின் நுனியில் பொருத்தித் தூக்கிப் பிடிக்க வேண்டும். கஞ்சி தானாக இறங்கும். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. ஒரு வேளைக்கு ஐந்து தடவை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. முடிந்ததும் வெந்நீர் விட்டு அலசாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில், மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில், மூன்று மாதத்துக்கு மேல் நான் பார்த்த உத்தியோகம் இது. தி.நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எனக்குச் சம்பளம் தருகிற வேறொரு உத்தியோகமும் இருந்தது. அதற்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். இன்றைக்கும் டம்ளர்களைக் கவிழ்க்கும்போது என் கை, நடுவில் ஓர் இடம் விடுகிறது. அந்த இடத்தில் வைக்க இப்போது ஒன்றும் இல்லை.

மாமா என்பது என் கணவரின் அப்பா. கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க ஆய்வாளராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ்தான் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் யாருக்கும் ஓய்வு கொடுக்கவில்லை. பால் பாக்கெட்டை வாங்கியவுடன் கையில் ஏந்தி எடை பார்ப்பார். பழக்காரி தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். பேச்சிலும் 'மேற்படி', 'ஆவன செய்யவும்' என்று ஆபீஸ் பாஷை வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையல் அவருடைய சோதனைக்கு உட்பட்டுதான் நடந்தது. முதல் கவளத்தை வாயில் வைத்து, கண்ணை மூடி, "உப்பு பத்தல" என்பார். ஒருநாள் வேண்டுமென்றே இரண்டு மடங்கு உப்பைக் கொட்டினேன். அன்றைக்கும் அதையேதான் சொன்னார். அந்த மனுஷனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது புரியாது.

அவர் விழுந்ததும் அவருக்கு ஏற்ற இடத்தில்தான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்க நின்றவர், அளவு குறைகிறது என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். பாதி வாக்கியத்தில் வாய் கோணிற்று. வலது கையிலிருந்த கேன் நழுவிற்று. வரிசையில் நின்றவர்கள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். மூன்று வாரம் கழித்து, வலது பக்கம் முழுக்கச் செத்துப்போய், பேச்சில்லாமல், மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தார். "நினைவு எவ்வளவு இருக்குன்னு சொல்ல முடியாது. பெருசா எதையும் எதிர்பார்க்காதீங்க," என்று டாக்டர் சொன்னார். நாங்கள் அதற்குப் பிறகு எதையும் எதிர்பார்க்கவில்லை. மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கூப்பிட்டால் சில நேரம் கண் திரும்பும், பல நேரம் திரும்பாது.

ஒத்தாசைக்கு அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து ஓர் ஆயாம்மா வந்தாள். காலை எட்டுக்கு வந்து மாலை ஏழுக்குப் போவாள். நெற்றி நிறைய குங்குமம். சுவரில் தொங்கும் சிலுவைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாள். மாமாவைப் புரட்டிப் போட்டு, துடைத்து, பவுடர் போட்டு, அவரோடு வாய் ஓயாமல் பேசுவாள். "யார்கிட்ட பேசற ஆயாம்மா, அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன் ஒருநாள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னாம்மா பேசற நீ? பெர்சு உள்ளதான் கீது. பாத்துகினே கீது. எங்கூட்ல என் மாமியா ரெண்டு வருசம் இஸ்துகினு கெடந்துச்சு, எனுக்குத் தெரியாதா?" அவளுக்கென்ன, மாலையானால் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் வீட்டில் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றாவது மாதம் முடியும்போது என் கணவர் குடும்ப வேதப் புத்தகத்தை எடுத்தார். எங்கள் வீடுகளில் அதன் முன்பக்க வெற்றுத் தாளில்தான் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் எல்லாம் எழுதி வைப்பது. மாமியாரின் மரணத்துக்குக் கீழே மாமாவின் அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில் நான்கு வரி இருந்தது: 'எனக்கு நினைவு தப்பிப் படுக்கையில் விழ நேர்ந்தால், குழாய்களைப் போட்டு உயிரை நிறுத்தி வைக்க வேண்டாம். நிம்மதியாகப் போகவிடவும்.' கீழே முழுக் கையொப்பம். மாமியார் புற்றுநோயோடு எட்டு மாதம் பட்ட பாட்டைக் கிட்ட இருந்து பார்த்தவர் அவர். அந்தத் துக்கத்தில் எழுதியிருக்கிறார். கணவர் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாதாரணமாகவே வாய் திறக்காத மனிதர். அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கணவரின் அண்ணன் மஸ்கட்டில் இருந்தார். வீட்டில் அவருக்கு மஸ்கட்காரர் என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் கணவர் அந்த நான்கு வரியையும் படித்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கே மஸ்கட்காரரின் குரல் தெளிவாகக் கேட்டது. "அப்பாவே எழுதி வெச்சிருக்கார். அப்புறம் என்னடா? வர்ற வெள்ளிக்கிழமை குழாயை மாத்தத்தானே நர்ஸ் வராங்க? பழசை எடுக்கட்டும், புதுசு போட வேண்டாம். நாம என்ன கொலையா பண்றோம்? சும்மா இருக்கப்போறோம். அவ்வளவுதான்." கணவர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

நான் என்ன சொன்னேன் என்பதைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். "சரி" என்றேன். யோசித்துச் சொன்னதாகக்கூட நடிக்கவில்லை. எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அலுவலகத்தில் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி நூறு நாளாகியிருந்தது. அந்த மனுஷனின் மலத்தை அலசும் கையால் அவருக்கே கஞ்சி வடித்து, நன்றி என்று ஒரு பார்வைகூடக் கிடைக்காமல், இவர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நான் பல நாளாகத் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தது மட்டுமல்ல, முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டும் இருந்தேன். இப்போது அதற்கு அவருடைய கையெழுத்திலேயே அனுமதி கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வந்தார். எங்கள் சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத, முப்பது வயதுக்காரர். பத்து நிமிடம் மாமாவின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். கணவர் விஷயத்தைச் சொல்லி, தாளையும் காட்டினார். பாஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். "சாகிற மனுஷரைப் பிடிச்சு இழுத்து வெக்கணும்னு நாம நம்பல. அவர் போகும்போது மிஷின் எதுவும் வேண்டாம்னா நானே பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணுவேன்," என்றார். "ஆனா ஐயா சாகலையே. ஊத்துறீங்க, செரிக்குது. சாகிறவருக்கு வைத்தியம் போதும்னு நிறுத்துறது ஒண்ணு. சாகாதவருக்குச் சோறு போதும்னு நிறுத்தினா, அதுக்கு நான் என்ன பேர் வெக்கிறது?"

"அவரே எழுதியிருக்காரே," என்றார் கணவர்.

"நடந்துக்கிட்டிருந்தவர் எழுதினது. இப்பப் படுத்திருக்கிறவரைக் கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கிறது?"

"அது எனக்கும் தெரியல," என்றார் பாஸ்டர். பிறகு, தேவனுடைய சாயல் மனுஷனுக்குள் இருக்கிறது என்றால் அது அவன் பேச்சிலும் கைகாலிலும் மட்டும் இருப்பதில்லை, பேச்சு போனால் கூடவே போய்விடுவதும் இல்லை என்று தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன பாஸ்டர், சொல்லிட்டுப் போயிடுவீங்க. பீத்துணி அலசுறவ நான். சாயலைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க," என்றேன். ஒரு போதகரிடம் இந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. கணவர் தரையைப் பார்த்தார். பாஸ்டர் கோபிக்கவில்லை. "சாயங்காலக் கஞ்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். ஆறு மணிக்கு என்றேன். "நாளைலேர்ந்து அந்த வேளைக்கு நான் வரேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். வந்தால் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்னால் சைக்கிள் மணி கேட்டது. ஆயாம்மா அவருக்குச் சிரிஞ்சைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தாள். முதல் தடவையே சாய்த்துப் பிடித்து வெள்ளைச் சட்டை முழுக்கக் கஞ்சி. "சாமியாரே, நேரா புடி, ஆடாத," என்று அவள் அதட்ட, அவர் பள்ளிக்கூடப் பையனைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டார். நானும் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை மாறவில்லை. நர்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. மஸ்கட்காரர் டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார். மாமாவின் நல்ல வெள்ளை வேட்டி சட்டையைக்கூட இஸ்திரிக்குப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் வட்டாரத்து ஜெபக்குழு யாராவது ஒருவர் வீட்டில் கூடும். அந்த வாரம் எங்கள் முறை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்தான் குழுவுக்குத் தலைவர். நல்ல மனிதர், நல்ல குரல். பத்துப் பன்னிரண்டு பேர் மாமாவின் கட்டிலைச் சுற்றி நாற்காலியிலும் பாயிலும் உட்கார்ந்தோம். பாஸ்டரும் கஞ்சி வேளையை முடித்துவிட்டு அங்கேயே இருந்தார். ஆயாம்மாவையும் கூட்டம் முடியும்வரை இருக்கச் சொல்லியிருந்தேன். கூட்டம் முடிந்ததும் கொடுப்பதற்கு மசால் வடை சுட்டு, டீ போட்டு, தட்டுகளைக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் அடுக்கியிருந்தேன், வேறு இடமில்லை. இரண்டு பாட்டுப் பாடினோம். பிறகு தலைவர் எழுந்து நின்று, கட்டிலின் தலைமாட்டில் கை வைத்துக் கண்ணை மூடினார்.

நீண்ட நாள் படுக்கையில் கிடப்பவர்களுக்காக எங்கள் ஆட்கள் செய்கிற ஜெபம் ஒன்று உண்டு. முதல் மாதம் குணமாக்கும் என்று கேட்போம். இரண்டாம் மாதம் உமது சித்தம் என்போம். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு, யாரும் யாருக்கும் சொல்லித்தராமலே, எடுத்துக்கொள்ளும் என்று கேட்க ஆரம்பித்துவிடுவோம். அதையும் நோயாளியின் தலைமாட்டில் நின்று, அவர் காதுபடக் கேட்போம். தலைவர் அன்றைக்கு உருகிக் கேட்டார். "ஆண்டவரே, உமது அடியான் பட்ட பாடு போதும். இந்தச் சரீரத்தின் கட்டுகளை அவிழ்த்துவிடும். அவருக்கும் இளைப்பாறுதல், அவரைச் சுமக்கிற இந்தப் பிள்ளைகளுக்கும் இளைப்பாறுதல். சீக்கிரமாய் எடுத்துக்கொள்ளும்." எல்லோரும் ஆமென் என்றோம். என் ஆமென்தான் சத்தமாகக் கேட்டது, எனக்கே கேட்டது. கண்ணைத் திறந்தபோது எதிரே பாஸ்டர் இருந்தார். அவர் வாய் மூடியபடியே இருந்தது.

மூக்கைச் சிந்திக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் டம்ளர்களை எடுக்க உள்ளே திரும்பினேன். "யம்மா," என்று ஆயாம்மாவின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை. வழக்கத்தைவிட மெதுவாகவே கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன். மாமாவின் இடது கை கட்டிலுக்கு வெளியே நீண்டு, ஸ்டூல் மேலிருந்த தட்டில் கிடந்தது. விரல்கள் தடவித் தடவி ஒரு மசால் வடையைப் பிடித்தன. பிடித்ததை மெல்லத் தூக்கி, நெஞ்சு வரை கொண்டுவந்து, வாய் எங்கே இருக்கிறதென்று தெரியாததுபோல் கன்னத்தில் இடித்து நிறுத்தின.

எங்கள் ஆமென் இன்னும் அந்த அறையிலேயே இருந்தது. தலைவர்தான் முதலில் பதறினார். "எடுங்க, எடுங்க, தொண்டைல சிக்கிக்கும்," என்று அதைப் பிடுங்கப் போனார். மாமாவின் விரல்கள் விடவில்லை. ஆயாம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். "வுடு சார், நான் பாத்துக்கறேன். டெய்லி டீ ஊத்துறவ நான்தான்," என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "இன்னா பாக்கறீங்க? ஸ்பூன்ல தொட்டுத் தொட்டு வெப்பேன், முழுங்கும். ரெண்டு மாசமா முழுங்குது. சொன்னா இந்தம்மா திட்டும்னு சொல்லல." வடையின் ஓரத்தைக் கிள்ளி, டீயில் ஊறப்போட்டு, குழைத்து, அவர் நாக்கில் வைத்தாள். மாமாவின் தாடை ஒரு பக்கமாக அசைந்தது. தொண்டை ஏறி இறங்கிற்று. இருமவில்லை. ஆயாம்மா இன்னொரு கிள்ளு வைத்தாள். அதுவும் இறங்கிற்று.

அப்புறம் அவர் கண்ணை மூடினார். கோணிய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டாம் தடவை அது வார்த்தையாக வந்தது.

"உப்பு... பத்தல."

நான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர், கல்யாணமான ஆறு வருடத்தில் நான் ஒருமுறைகூட அழுது பார்த்திராத மனிதர், அப்பாவின் காலில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பினார். யாரோ பாட்டை எடுக்க, குரல் உடைந்து ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். பாஸ்டர் சிரித்துக்கொண்டே அழுதார். ஆயாம்மா மட்டும் நிதானமாக மூன்றாவது கிள்ளை டீயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். பிற்பாடு டாக்டரிடம் கேட்டபோது, இதில் பெரிய மாயம் இல்லை, ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தைதான் சில பேருக்கு முதலில் திரும்பி வரும் என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் விழுங்க முடிகிறதா என்று மூன்று மாதமாக நாங்கள் யாருமே சோதித்துப் பார்க்கவில்லை என்பதையும் அவர் சொன்னார், அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஏற்பாட்டின்படியே நர்ஸ் வந்தார். ஏற்பாட்டின்படியே பழைய குழாயை உருவினார். "புதுசு போட வேண்டாம்னு சொன்னீங்களே?" என்று எங்களைப் பார்த்தார். "வேண்டாம்," என்றார் கணவர், இட்லியைப் பாலில் பிசைந்த கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. நாங்கள் திட்டம் போட்ட அதே நாளில், அதே வார்த்தையைச் சொல்லி, அதே குழாயை எடுத்தோம். இந்த ஒன்றை நான் இத்தனை வருடத்தில் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. மஸ்கட்காரரும் வந்தார். இழவுக்கென்று எடுத்த லீவில் வந்து, அப்பாவுக்கு ஸ்பூனால் ரசம் சாதம் ஊட்டிவிட்டுப் போனார். இஸ்திரி போட்டு வைத்த வேட்டியை மாமா அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் கட்டிக்கொண்டார்.

ஆறு மாதத்தில் மாமா கைத்தடியோடு நடந்தார். வார்த்தைகள் ஒன்றும் இரண்டுமாக வந்தன. ஆனால் தேவையான வார்த்தைகள் வந்தன. மாடிப்படி இறங்க முடிந்த முதல் மாதமே, பாஸ்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, ரேஷன் கடைக்குப் போகவேண்டும் என்று அடம் பிடித்துப் போனார். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். கடைக்காரர் அவரைப் பார்த்ததும் வெளிறிப்போய், பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, மண்ணெண்ணெயை அளவுக் குவளையின் விளிம்பு வரை ஊற்றினார். மாமா கைத்தடியை உயர்த்தி நிறுத்தினார். "நுரை... அடங்கட்டும்," என்றார். நுரை அடங்கியது. குவளையில் விரற்கடை அளவு குறைந்திருந்தது. கடைக்காரர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். வரிசையில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். பாஸ்டர் கேனைத் தூக்கிக்கொண்டு வர, நாங்கள் ஏதோ தேர்தலில் ஜெயித்தவர்களைப் போலத் தெருவில் நடந்து வந்தோம்.

ஜெபக்குழுத் தலைவர் பல வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஸ்தோத்திர ஆராதனையன்று கோயில் வாசலில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார். "மன்னிச்சிடுங்க ஐயா, நான் அன்னிக்கு..." என்று இழுத்தார். மாமா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல," என்றார். "நல்ல ஜெபம்." அன்று மாலையே வேதப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். தான் எழுதிய நான்கு வரியை அவர் அடிக்கவில்லை. அதற்குக் கீழே, இடது கையால், ஒரு மணி நேரம் செலவழித்து ஒரே ஒரு வரி சேர்த்தார்: 'மேற்படியை நிறைவேற்றுமுன் என்னைக் கேட்கவும்.' கையொப்பம் கோணல்மாணலாக இருந்தது. ஆனாலும் போட்டார்.

நான்கு வருடம் கழித்து அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் கேட்டோம். இந்த முறை அவர் போகிறார் என்பது டாக்டருக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷின் வைக்கலாமா மாமா என்று நானே குனிந்து கேட்டேன். "வீடு போதும்," என்றார். மூன்று நாள், கஞ்சி இறங்கிய வரைக்கும் ஸ்பூனில் கொடுத்தோம். இறங்காதபோது உதட்டை நனைத்தோம். பாஸ்டர் சொன்னபடியே பக்கத்தில் நின்றார். ஆயாம்மா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். நல்ல பகல் வெளிச்சத்தில், எல்லோரும் சுற்றியிருக்க, போனார். போகிறவரைப் போகவிடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போது கருணைக் கொலை சரியா தவறா என்று டி.வி.யில் விவாதம் நடக்கும்போது நான் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். படுக்கையில் கிடப்பவர் பக்கம் பேசுகிறவர்களும் உண்டு, சுமக்கிறவர்கள் பக்கம் பேசுகிறவர்களும் உண்டு. இருவருமே உண்மையைத்தான் பேசுகிறார்கள். நான் இரண்டு பக்கமும் நின்றவள். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் நினைத்தபடி நடந்திருந்தால், அதைக் கருணை என்றே எல்லோரிடமும் சொல்லியிருப்பேன். அது என் களைப்புதான் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

ஆனால் நான் கடைசியாகச் சொல்ல நினைத்தது அவர் இறந்த நாளைப் பற்றியல்ல. அவர் நடக்க ஆரம்பித்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவரை பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கணவர் சுண்டல் வாங்கப் போயிருந்தார். சிமெண்டு பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். குழாய் வேண்டாம் என்றதற்கு முதலில் தலையாட்டியவள் நான். அந்த ஜெபத்துக்குச் சத்தமாக ஆமென் சொன்னவளும் நான். அதற்கு முன்னாலும் எத்தனையோ நாள், உங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி முழங்காலில் நின்று கேட்டேன் மாமா என்றேன். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

வார்த்தை தேடுகிறாரா, வருத்தமா என்று தெரியவில்லை. பிறகு அவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"நானும்... கேட்டேன்மா," என்றார். "தெனம்."

நான் திரும்பிப் பார்த்தேன். கோணிய வாயின் ஓரத்தில், முப்பது வருடம் பொய்த் தராசைக் கண்டுபிடித்தபோதெல்லாம் வந்திருக்கக்கூடிய ஒரு சிரிப்பு இருந்தது.

"ரெண்டு மனுவும்... தள்ளுபடி."